மலை ஏறக்கூடாத வருஷங்கள்

இளையபெருமாள் பழனி மலையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பழனிக்குப் போவதைப் பற்றி அவரளவுக்கு யோசித்தவர் அந்த மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களிலும் இருக்க மாட்டார்.

அவர் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள் இருந்தது. கம்பும் பருத்தியும் போடுகிற கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு, உப்புத் தண்ணீர் ஊறும் ஒரு கிணறு ஆகியவை அவருடைய சொத்து. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சொத்து ஒன்றும் இருந்தது. அது முறை. கல்யாணத்தில் யார் முதலில் தாம்பூலம் வாங்குவது, சாவில் யார் குடம் தூக்குவது, மாமன் முறையா மச்சான் முறையா என்று சந்தேகம் வந்தால் ஊர் அவர் வாசலுக்குத்தான் வரும். நோய்க்கு மருந்து கொடுக்க அந்த ஊரில் ஆள் இல்லை, முறை சொல்ல ஆள் இருந்தது. ஊரும் அதில் திருப்தியாகவே இருந்தது.

நாற்பத்திரண்டில் சண்டைக்கு ஆள் எடுத்தபோது அவருடைய ஒரே மகன் சின்னதுரை பட்டாளத்தில் லாரி ஓட்டப் பேர் கொடுத்தான். அரியலூர் ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று அவன் தாய் வைரக்கண்ணு கிழக்கே பார்த்து நின்று ஒரு வேண்டுதல் வைத்தாள். “எம் புள்ள உசுரோட திரும்பி வந்துட்டா பழனிக்கு வந்து முடி எறக்கறேன் முருகா. அதுவரைக்கும் தலையில பூ வைக்க மாட்டேன்.” பழனி மேற்கே இருக்கிறது என்று இளையபெருமாள் திருத்தினார். அவள் மேற்கே திரும்பி நின்று அதையே இன்னொரு தரம் சொன்னாள்.

குளிக்கிற இடத்தில் அவள் வைத்திருந்த கனகாம்பரம் அந்த வருஷம் பார்த்துத்தான் பிரமாதமாகப் பூத்தது. பறித்துத் தொடுத்து, இளையபெருமாளின் பெரியப்பா மகன் ராசாங்கத்தின் மனைவி ரத்தினம்மாளுக்குக் கொடுத்துவிடுவாள். ரத்தினம்மாள் தலையில் அந்தப் பூவைப் பார்ப்பதற்காகவே வைரக்கண்ணு தினமும் அவர்கள் வயல் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். அது பாதிதான் உண்மை. பங்காளி வீடுகள் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் ராசாங்கத்தின் கிணற்றில் மட்டுமே இருந்தது.

சின்னதுரைக்கு ஊர் பார்க்கிற ஆசை துளியும் கிடையாது. அவனைத்தான் சர்க்கார் தன் செலவில் கப்பலேற்றி, சரித்திரப் புத்தகத்தில் வருகிற பட்டணங்களுக்கெல்லாம் அழைத்துப் போயிற்று. அவன் தாய்க்கு ஆசை இருந்தது. அவள் திருச்சியைக்கூடப் பார்த்ததில்லை. நாற்பத்தாறின் தொடக்கத்தில் அவன் கை கால் முழுசாகத் திரும்பி வந்தபோது ஊரே உட்கார்ந்து கேட்டது.

“ரோமாபுரின்னு கடுதாசியில எழுதியிருந்தியே, அங்க என்னடா பாத்த?”

“டயரு பஞ்சரு.”

“எகிப்துல?”

“கோபுரம் கணக்கா கல்ல அடுக்கி வச்சிருக்கான். உள்ளார ராசாவோட பொணமாம்.”

இளையபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உள்ள போனியா?”

“போனேன்.”

“வெளிய வந்து தலை முழுவினியா?”

“அந்த ராசா செத்து ஆயிரக்கணக்குல வருஷம் ஆச்சுப்பா.”

“பொணம் பொணந்தான்” என்று சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கிணற்றடிக்கு அனுப்பித் தலையில் தண்ணீர் ஊற்ற வைத்தார்.

கப்பலை விட்டு இறங்கிய பிறகு நீலகிரியில் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்காக அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். வைரக்கண்ணு அதை மட்டும் தனியாக, அவன் சாப்பிடும்போது கேட்டாள். “மலை மேல நின்னா மேகம் காலுக்குக் கீழ போவுமாமே. பாத்தியாப்பா?”

“சன்னல சாத்தி வச்சிருந்தாங்கம்மா.”

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

பங்குனி உத்திரத்துக்குப் பழனி என்று முடிவாயிற்று. போகிற வழியும் தீர்மானமாயிற்று: பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு பஸ், ஸ்ரீரங்கத்தில் பெருமாள், அங்கிருந்து மதுரைக்கு ரயில், மீனாட்சியம்மன், நாயக்கர் மகால், பிறகு திண்டுக்கல் வழியாகப் பழனி. முடி இறக்கியான பிறகு, வைரக்கண்ணு விருப்பப்படி, கொடைக்கானல். அங்கே அவளுக்குச் சாமி காரியம் ஒன்றும் இல்லை. மேகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இளையபெருமாள் வழி நெடுகத் தங்குகிற சத்திரங்களின் பேரைக்கூட விசாரித்து வைத்திருந்தார்.

யாத்திரைக்கு உடுத்த மஞ்சள் துணி நனைத்துக் காயப் போட்டிருந்த அன்று, மேலத்தெருப் பங்காளி ஒருவர் கிணறு தூர் வாரும்போது மண் சரிந்து இறந்துபோனார்.

பங்காளி வகையில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. இது அந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இளையபெருமாள் ஊருக்கெல்லாம் சொன்ன முறை இப்போது அவர் வீட்டுக்கே வந்தது. மஞ்சள் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள்.

சின்னதுரை அதற்குள் பெரம்பலூர் திருச்சி பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்திருந்தான். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பு கட்டி, கரி போட்டு ஊதி ஓட்டுகிற பஸ். மேட்டில் ஏறும்போது ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். அதில் தினமும் சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் பழனிக்கும் போகிற யார் யாரையோ ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் அப்பாவிடம் சொன்னான்.

“பழனி வேணாம். கொடைக்கானலுக்கு மட்டும் போயிட்டு வந்துடுவோம். அது வெள்ளைக்காரன் மலை. அங்க என்ன தீட்டு?”

இளையபெருமாள் உடனே மறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகுதான் மறுத்தார். “மலைன்னாலே சாமிதாண்டா. வெள்ளைக்காரன் பங்களா கட்டிட்டா சாமி எறங்கிப் போயிடுமா?”

“போன மாசம் பச்சைமலையில ஏறி மூங்கில் வெட்டியாந்தீங்களே?”

“அது மூங்கிலுக்குப் போனது.”

வைரக்கண்ணு அடுப்படியிலிருந்து சிரித்தாள். “நானும் மூங்கிலுக்கு வர்றதா சொல்லிடறேங்க. கூட்டிட்டுப் போங்க.” அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருஷம் மாசியில், தீட்டு முடிய இருந்த சமயம், பனையேறப் போன இன்னொரு பங்காளி விழுந்து செத்தார். பெருகிய வம்சம் அது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தோதானது, வரிசையாகச் சாகவும் தோதானது. மஞ்சள் துணி மறுபடி பெட்டிக்குள் போயிற்று. கனகாம்பரத்தைத் தொடுத்துக் கொடுக்கப் போனபோது வைரக்கண்ணு ரத்தினம்மாளிடம் சொன்னாளாம்: “புள்ளையக் குடுத்துட்டு சாமி காத்துக்கிட்டிருக்கு. நான் கடன்காரி மாதிரி ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன்க்கா.”

அந்த வருஷம் நாட்டுக்கு விடுதலை வந்தது. இளையபெருமாளுக்கும் விடுதலை வேண்டியிருந்தது. காரணம், ராசாங்கத்தின் தாய் பொன்னாயி படுத்த படுக்கையாகிவிட்டாள். கிழவி எந்த மாதம் போவாள் என்பது ஊரில் எல்லோரும் பேசுகிற விஷயம். பங்குனிக்கு முன்னால் போனால் இன்னொரு வருஷமும் போயிற்று. இளையபெருமாள் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தார்.

“என்னடா எளையபெருமாளு, வந்து வந்து பாக்குற? இன்னும் மூச்சு இருக்குடா.”

“கஞ்சி குடிச்சியா பெரியம்மா?”

“குடிச்சேன். நீ பழனிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் குடிக்கிறேன், போ.”

முறையிலிருந்து தப்பிக்க முறைக்குள்ளேயே ஒரு வழி இருந்தது. பங்காளிகள் சண்டை போட்டு, பெரியவர்கள் முன்னால் வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டு, ‘இனி சாவு வாழ்வு இல்லை’ என்று அறுத்துக்கொண்டால், அந்த வீட்டுச் சாவு இந்த வீட்டைத் தொடாது. ராசாங்கம்தான் அந்த வகையறாவுக்குத் தலைவர். அவரிடம் அறுத்துக்கொண்டால் மொத்த வகையறாவிலிருந்தும் கழன்றுவிடலாம். சாமிக்காகச் சொந்தத்தை அறுப்பது தப்பா சரியா என்று இளையபெருமாள் யாரையும் கேட்கவில்லை. முறை கேட்க வேண்டியவர்கள் அவரிடம்தானே வருவார்கள்?

அறுத்துக்கொள்ளச் சண்டை வேண்டும். ஆனால் ஒரு நல்ல சண்டைக்கு வேண்டிய எதுவுமே ராசாங்கத்திடம் இல்லை.

“அண்ணே, அந்தப் புளியமரம் எம் பங்குல வருது.”

“அப்படியா தம்பி? எடுத்துக்க.”

“வரப்பு ரெண்டு முழம் இந்தாண்ட தள்ளி இருக்கு.”

“அப்பன் காலத்துலயே அப்படித்தான் இருந்துச்சு. வெட்டி வச்சுக்க.”

“கெணத்துல என் மொறைய நீ எடுத்துக்கிட்டே.”

“எடுத்திருப்பேன். நாளைக்கு ரெண்டு மொறையா எடுத்துக்க. ஏன் தம்பி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

இப்படி ஐப்பசி முழுக்கப் போயிற்று. இளையபெருமாளுக்குச் சொத்து சேர்ந்துகொண்டே வந்தது, சண்டை வரவில்லை. கடைசியில் அது அவர் முயற்சி இல்லாமலே வந்தது. ஒரு நாள் பொன்னாயிக்கு இழுத்துக்கொண்டது. உறவெல்லாம் ராசாங்கத்தின் வாசலில் கூடிவிட்டது. பிறகு கிழவி கண்ணைத் திறந்து வெற்றிலை கேட்டாள். எல்லோரும் பெருமூச்சு விட்டுக் கலைகிற நேரத்தில் இளையபெருமாள், சண்டைக்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

“அண்ணே, பெரியம்மா இன்னும் எத்தினி நாளு தாங்கும்? தோதா சொன்னீன்னா அதுக்குள்ள நான் பழனிக்குப் போயிட்டு வந்துடுவேன்.”

மரத்தையும் வரப்பையும் தண்ணீரையும் கொடுத்த மனிதர் மெதுவாக எழுந்தார்.

“எங்க ஆத்தா சாவுக்கு நாள் குறிக்க வந்தியாடா?”

“இல்லண்ணே, முறைன்னு ஒண்ணு...”

“ஒம் முறையும் நீயும். வெளிய போடா.”

அய்யனார் கோயில் முன்னால் துரும்பு கிள்ளிப் போட்டார்கள். இளையபெருமாள் நினைத்தது நடந்தது. வீட்டுக்கு வந்து, நினைத்தது நடந்த மனிதனைப் போல இல்லாமல், விளக்கு வைக்கிற வரை மாட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அறுத்துக்கொண்டால் கொடுக்கல் வாங்கல் கூடாது. தண்ணீரும் கொடுக்கல் வாங்கல்தான். ராசாங்கம் கிணற்றை அடைக்கவில்லை. வேலியில் முள்கூட வைக்கவில்லை. ரத்தினம்மாள் வரப்போரம் நின்று கூப்பிட்டாள். “வைரம், நீ வந்து மொண்டுக்கிட்டுப் போ. ஆம்பளைங்க துரும்பு கிள்ளினா கெணறு வத்திப் போச்சா?” தடுத்தது இளையபெருமாள்தான். “அந்தத் தண்ணி ஒரு செம்பு இந்த வூட்டுக்குள்ள வந்தா அறுத்தது அறுத்ததாவாது. அவுங்க வூட்டுச் சாவு நம்மளப் பிடிச்சிக்கும். பங்குனி வரைக்கும் பொறுத்துக்க.”

அவள் பொறுத்துக்கொண்டாள். ஏரியில் தண்ணீர் வற்றி, நடுவில் குழி தோண்டி ஊற்று எடுக்கிற மாதங்கள். மாடு குளிக்கிற சேற்றுக்குப் பக்கத்திலேயே குடிதண்ணீர் ஊற்றும் இருந்தது. வைரக்கண்ணு முந்தானையை மடித்துப் போட்டு வடிகட்டிக் கொண்டுவந்தாள். நாட்கள் நெருங்க நெருங்க அவளுக்குச் சந்தோஷம். தலைமயிரை அவிழ்த்துக் கோதிவிட்டுக்கொண்டு, “இதை எறக்கிட்டா தலை லேசா இருக்கும்ல? மேல நின்னா காத்து நேரா மண்டையில படும்” என்றாள். பொன்னாயி இன்னும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்த கையோடு ஊரில் வாந்திபேதி வந்தது. ஏரி ஊற்றில் தண்ணீர் எடுத்த வீடுகளில்தான் முதலில் புகுந்தது.

ஒரு நாள் விடிகாலையில் வைரக்கண்ணுவுக்குக் கண்டது. வெயில் ஏறுவதற்குள் கண்கள் குழி விழுந்து, விரல் நுனிகள் சுருங்கிப்போயின. பெரம்பலூரில் பஸ் எடுக்கப் போயிருந்த மகனுக்கு ஆள் அனுப்பினார்கள். வைரக்கண்ணு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ரத்தினக்கா கெணத்துத் தண்ணி ஒரு வாய்.”

இளையபெருமாள் செம்பை எடுத்தார். வாசல் வரை போய் நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. எதிரே ரத்தினம்மாள் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

“அண்ணி, முறை இல்ல...” என்றார் அவர். குரல் பழக்கத்தால் வந்தது.

“தள்ளு” என்று அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு ரத்தினம்மாள் உள்ளே போனாள். வைரக்கண்ணு இரண்டு மிடறு குடித்தாள். இனிக்கிறது என்றாள். அது வயிற்றில் நிற்கவில்லை. உச்சிப்பொழுதுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

பூலாம்பாடியிலிருந்து பிறந்த வீட்டார் கோடிச் சேலையோடு வந்தார்கள். குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். சுமங்கலிக்குப் பூ வைக்க வேண்டும். ரத்தினம்மாள் குளிக்கிற இடத்துக்குப் போய், இருந்த கனகாம்பரம் அத்தனையும் பறித்துவந்து மடியில் போட்டுத் தொடுக்க ஆரம்பித்தாள்.

“பூ வேணாம் அண்ணி. வேண்டுதல் முடியல” என்றார் இளையபெருமாள்.

“சாமி வந்து எங்கிட்ட கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன்” என்று அவள் அந்த முடியில், பழனிக்கென்று வளர்த்த முடியில், பூவைச் சுற்றினாள்.

வாசலுக்கு வெளியே, தெருவில், ராசாங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் தோள் கொடுப்பார். கூப்பிடாமல் வந்தால் முறை இல்லை. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே இளையபெருமாள்தான். ‘வாண்ணே’ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் கிள்ளிப் போட்ட துரும்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும். துரும்பு ஒட்டிக்கொண்டால், அவள் ஏரித் தண்ணீரை எதற்காகக் குடித்தாள் என்று ஆகிவிடும். இளையபெருமாள் தலையைத் தூக்கவில்லை. மச்சான்மாரும், மகனோடு வந்திருந்த கண்டக்டர் நல்லதம்பியும், பஸ்ஸுக்குக் கரி போடுகிற ஆளும் பாடை தூக்கினார்கள். ராசாங்கம் வெகு தூரம் பின்னால் நடந்துபோய், தனியாக ஒரு குட்டையில் முழுகிவிட்டு வீட்டுக்குப் போனார். உள்ளே படுத்திருந்த பொன்னாயி, “யாருடா செத்தது, நானா?” என்று கேட்டாளாம்.

இனி எந்தப் பங்காளி செத்தாலும் இளையபெருமாளுக்கு மலை தடையில்லை. தன் வீட்டுச் சாவு மட்டும் தடை. அது ஒரு வருஷம்.

அந்த வருஷத்தை அவர் எப்படிக் கழித்தார் என்று சொல்ல அதிகம் இல்லை. முறை கேட்டு வந்தவர்களிடம், “எனக்கு ஒண்ணும் தெரியாது, போங்க” என்றார். அவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்து ஜனங்கள் முன்னைவிட அதிகமாக வந்தார்கள். கனகாம்பரத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அவள் காரியத்துக்கு மழித்த தலையில் மறுபடி முடி வளர்ந்தது. அதை அவர் வெட்டவில்லை. அவள் சொன்னதை அவள் ஸ்தானத்தில் தான் கொடுத்துவிடலாம் என்பது எண்ணம். அது செல்லுமா என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்க ஆளும் இல்லை.

நாற்பத்தொன்பதில், வருஷம் திரும்பிய பிறகு, சின்னதுரை அவரைத் தன் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார வைத்துத் திருச்சிக்கு அழைத்துப் போனான். பெட்டியிலிருந்த மஞ்சள் துணி மடியில் இருந்தது. மலைக்கோட்டை தூரத்தில் தெரிந்தபோது, “அதுவும் மலைதானே?” என்று கேட்டார். “ஆமாம்ப்பா. ஏறிட்டு வருவோமா?” “மொதல்ல பழனி” என்றார். மகன் லீவு சொல்லிவிட்டு வரும்வரை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய கண்டக்டர் நல்லதம்பி அவரைப் பார்த்ததும் நின்றான். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னான். “பெரியப்பா, பொன்னாயி ஆத்தா போயிட்டாங்க. நீங்க கெளம்பி வந்த கொஞ்ச நேரத்துல. உங்களுக்குத் தீட்டு ஒண்ணும் இல்லல்ல? அதான் அத்துக்கிட்டீங்களே.”

மகன் திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் மஞ்சள் துணி இருந்தது, அப்பா இல்லை. தேடிக்கொண்டு காவிரிக்குப் போனான். இளையபெருமாள் வேட்டியோடு ஆற்றில் முழுகி எழுந்து, நனைந்த தலையோடு படியில் நின்றிருந்தார்.

“என்னப்பா இது?”

“தீட்டு வந்துட்டா தலை முழுவணும்ல.”

“நமக்குத்தான் தீட்டு இல்லையே. இதுக்காகத்தானேப்பா...” என்று ஆரம்பித்தவன் மீதியைச் சொல்லவில்லை. அவன் தாயின் பெயர் அந்த மீதியில் இருந்தது.

“பஸ் எப்ப திரும்புது?” என்றார் அவர்.

சுடுகாட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எரிந்துகொண்டிருந்தது. ராசாங்கம் திரும்பிப் பார்த்தார். கூப்பிடவில்லை. கூப்பிடாமலே இளையபெருமாள் போய்ப் பக்கத்தில் நின்றார். முறை இல்லாமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கருமாதி அன்று ஏரிக்கரையில் பங்காளிகள் வரிசையாக மொட்டை அடிக்க உட்கார்ந்தார்கள். ராசாங்கம் முதலில். அடுத்து இளையபெருமாள் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். நாவிதர் அந்த முடியைக் கையில் அள்ளிப் பார்த்துத் தயங்கினார். “பழனிக்குன்னு வச்சிருந்ததுல்லீங்க இது?”

“எறக்குப்பா.”

அது ஏரிக்கரைச் சேற்றில் விழுந்தது. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ராசாங்கத்தின் மொட்டைத் தலை பக்கத்தில் பளபளத்தது.

“அடுத்த வருஷம் போவலாம் தம்பி. நானும் வரேன், சேந்தே போவோம்” என்றார் ராசாங்கம்.

“ஒரு வருஷம் ஆவணும்” என்றார் இளையபெருமாள். பிறகு அதற்குள் யார் போகக்கூடும், வகையறாவில் இனி வயதில் மூத்தவர்கள் யார் யார் என்று, பழக்கதோஷத்தில், மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். பக்கத்துத் தலை ஒன்று, தன் தலை ஒன்று. அதோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. நாவிதர் அவர் மோவாயைப் பிடித்துத் தலையை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினார்.